கருவை நிழல்

காவனேந்தலில் ராக்குவின் நிலத்திலிருந்த சீமைக்கருவேல மரங்களை வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில், அந்த மரங்களின் நிழல்கள் போகாமல் அங்கேயே கிடந்தன. மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜேசிபி தோண்டிய குழிகளின் மேலும் புரண்டு கிடந்த கரிசல் கட்டிகளின் மேலும் கிளைகிளையாக, முள்முள்ளாக நிழல் விழுந்திருந்தது. காற்று வந்தபோது அது அசைந்தது. காற்று நின்றபோது அதுவும் நின்றது. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம்.

முதலில் பார்த்தவள் ராக்குவின் அண்ணன் மனைவி சேர்மக்கனி. அவளுடைய மிளகாய்க்காடு அடுத்த வரப்பில் இருந்தது. தண்ணீர் பாய்ச்சப் போனவள் பாதியில் திரும்பி ராக்குவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஏ ராக்கு, மரத்தைக் கொண்டுபோனவய்ங்க நெழல விட்டுட்டுப் போயிட்டாய்ங்க. ரெண்டும் சேத்துத்தானே பேசி விட்ட? வந்து அள்ளிட்டுப் போகச் சொல்லு.”

ராக்கு உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். “எம்புட்டு மதினி கெடக்கு?” என்று கேட்டாள்.

“அம்புட்டும் கெடக்கு.”

அடுப்பைத் தணித்துவிட்டு ராக்கு போனாள். மரங்கள் சாயும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்; ஒவ்வொரு மரமும் விழுந்த சத்தம் தரை வழியாக வந்து அவள் பாதத்தில் முடிந்தது. இப்போது வரப்பில் நின்று பார்த்தபோது, நேற்றிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு நிழலுக்குள் இறங்கினாள். நாலு எட்டு வைப்பதற்குள் சுருக்கென்றது. காலைத் தூக்கிப் பார்த்தாள். முள் இல்லை, ரத்தம் இல்லை. நிழலின் முள் குத்தியிருந்தது. அது வலித்தது.

ஊரில் மற்றவர்கள் நிலத்திலும் கண்மாயிலும் வரத்துக்காலிலும் அதே வாரத்தில்தான் கருவையைப் பிடுங்கினார்கள். அங்கெல்லாம் மரத்தோடு நிழலும் போய்விட்டது. ராக்குவின் நிலத்தில் மட்டும் ஏன் தங்கியது என்பதற்கு ஊர் தனக்குத் தோன்றியதைச் சொன்னது. பொழுது அடைந்த பிறகும் ஜேசிபி ஓடியது, நிழல் இல்லாத நேரத்தில் மரத்தைப் பிடுங்கினால் நிழல் எப்படிக் கூடப் போகும் என்றார் பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி. அய்யனாருக்குத் தேங்காய் உடைக்காமல் தொடங்கினார்கள் என்றார் பூசாரி. கரி மூட்டம் போடுகிறவர்கள் குழிகளை எட்டிப்பார்த்துவிட்டு, ஆணிவேர் எங்கோ அறுந்து உள்ளேயே நிற்கிறது என்றார்கள். கொஞ்ச நாளில் காரணத்தைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, நிழலை வைத்து என்ன செய்யலாம் என்கிற பேச்சு வந்தது.

அந்தச் சீமையில் பங்குனிக்கு மேல் நிழல் என்பது பனைமரத்தின் நிழல்தான். ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்தால் முதுகு வெயிலில் கிடக்கும். அதனால் நூறு நாள் வேலைப் பெண்கள் மண்வெட்டிகளைச் சாத்திவைத்துவிட்டு ராக்குவின் நிலத்தில் தூக்குவாளியைத் திறந்தார்கள். செருப்போடு வரவேண்டும் என்பது தவிர வேறு தொந்தரவில்லை. உப்பளத்து ஆட்கள் சைக்கிளில் வந்து தூங்கிவிட்டுப் போனார்கள். முடிவெட்டுகிறவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார், நிழல் நகர நகர அவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டே வெட்டினார். கீழத்தெருவில் ஒரு நிச்சயதார்த்தம் பந்தல் இல்லாமல் அங்கேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அண்ணாந்து பார்த்துவிட்டு, கேட்பது மரியாதை இல்லை என்று குனிந்து பாயசம் குடித்தார்கள். மரங்களில் ஒன்றில் தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்தது. கூட்டின் நிழலும் மிச்சமிருந்தது. அந்தக் குருவி வெறும் காற்றில் கூடு இருந்த உயரத்துக்கு வந்து உட்காரப் பார்க்கும், வழுக்கும், மறுபடி ஏறும். பிறகு ஒரு நாள் அது தரையில் இறங்கி, கூட்டின் நிழலுக்குள் நடந்துபோய், சிறகை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

சாயங்காலமானால் நிழல் கிழக்கே நீண்டு வரப்பைத் தாண்டி சேர்மக்கனியின் காட்டில் விழும். உட்கார்ந்திருந்தவர்களும் நிழலோடு நகர்ந்து அவள் காட்டுக்குள் போய்விடுவார்கள்.

“நெழலு அவளுது, மண்ணு என்னுது. எந்திரிங்க எல்லாரும்” என்பாள் சேர்மக்கனி.

“ஒனக்கு என்ன அக்கா, சும்மா விழுற நெழலுதானே.”

“சும்மா விழுறதுனாலதான் சொல்றேன். விழுந்து எங்க மிளகாச்செடிக்கு மூச்சடைக்குது. பாத்தியா, பூவெல்லாம் உதுந்து கெடக்கு. நீ வந்து காய்க்கவா போற?”

ராக்கு மட்டும் ஒரே இடத்தில் உட்காருவாள். நிலத்தின் நடுவில், நாலு பக்கமும் நிழல் சூழ்ந்திருக்க, ஆளளவுக்கு ஒரு வெயில் கிடந்தது. ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு. நிழல் நகரும்போது அந்த வெயிலும் நகரும். அவள் அதன் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் வெயிலில் வைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த நிலம் முன்பு மரமே இல்லாத வெட்டவெளிக் காடாக இருந்தது. ராக்குவின் அப்பா அதில் மிளகாயும் மல்லியும் போட்டார். ராக்கு குமரியாக இருந்தபோது ஒரு பங்குனியில் சாத்தையா என்கிற இளம் கீதாரி செம்மறிக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே கிடை போட்டான். பகலில் மேய்ந்துவிட்டு வரும் ஆடுகளை இரவில் நிலத்தில் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். பேசிய நாள் முடிந்ததும் கீதாரி கிடையை அடுத்த நிலத்துக்கு மாற்றிவிடுவான். சாத்தையா மாற்றவில்லை. மண்ணுக்கு இன்னும் பத்தவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கூலி கேட்காமல் அங்கேயே இருந்தான். அப்பாவுக்குச் சந்தோஷம். அவனுக்குக் கம்பங்கூழ் கொண்டுபோனது ராக்கு. நிலத்தின் நடுவில் கம்பளியை விரித்து உட்கார்ந்திருப்பான். சுற்றிலும் ஆடுகள் படுத்திருக்கும். அவற்றின் பேரையெல்லாம் சொல்லுவான். ஒரு ஆட்டுக்கு ராக்கு என்று பேர் வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு, அவள் அடிக்க வருவாளோ என்று பார்த்தான். அவள் கூழ்ச்சட்டியை வைத்துவிட்டு, “அது நல்லா மேயுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“இந்த வருசம் உங்க காட்டுல மொளைக்கிறத ஊரே வந்து பாக்கும்” என்றான், புறப்பட்ட அன்று. ஐப்பசி மழைக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொன்னான். வந்து அப்பாவிடம் பேசுவதாகச் சொன்னான். ஆடுகளை வடக்கே, தஞ்சாவூர்ப் பக்கத்து அறுத்த வயல்களுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

ஐப்பசியில் மழை வந்தது. அவன் வரவில்லை. ஆடுகள் வழிநெடுகத் தின்றுவிட்டு வந்த கருவை நெற்றுகளின் விதைகள், அவற்றின் வயிற்றுச் சூட்டில் ஓடு இளகி, புழுக்கையோடு விழுந்து, மழை பட்டதும் நிலம் முழுக்கக் கொத்துக்கொத்தாக முளைத்தன. ஆடுகள் அடைந்து கிடந்த இடமெல்லாம் அடர்ந்து முளைத்தன. சாத்தையா கம்பளி விரித்துப் படுத்திருந்த இடம் மட்டும் ஆளளவுக்கு வெறுமையாக இருந்தது.

அப்பா பிடுங்கச் சொன்னார். ராக்கு தினமும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனாள், தினமும் அந்த வெறுமையின் ஓரத்தில் நின்றுவிட்டு வந்தாள். விரல் நீளச் செடிகள். இரண்டு விரலால் இழுத்தால் வந்திருக்கும். அடுத்த மாதம் கையால் இழுக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் கடப்பாரைக்கும் வரவில்லை. அப்பா திட்டினார், பிறகு நோயில் படுத்தார், பிறகு அவளுக்கென்று அந்தப் பாதியைப் பிரித்து எழுதிவைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். பெண் கேட்டு வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். மரங்கள் தலைக்கு மேல் போயின, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, கீழே ஒரு புல்லை விடவில்லை, கிணற்றைக் குடித்தன. கிளைகளை வெட்டி மூட்டத்துக்குக் கொடுத்து ராக்கு பிழைத்தாள். வெட்டிய இடத்தில் இரண்டாகத் துளிர்த்தது. வேரில் கைவைக்க யாரையும் விடவில்லை. எவ்வளவு அடர்ந்தும் கிளைகள் அந்த நடுவிடத்தை மூடவே இல்லை. மத்தியானத்தில் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், அங்கே வெயில் படுத்திருக்கும்.

கண்மாயில் தண்ணீர் நிற்காமல் போய், ஊருணி உப்புக் கரித்து, ஊர் கூடி எல்லாக் கருவையையும் எடுப்பதென்று முடிவு செய்தபோது கடைசியாகத் தலையாட்டியவள் ராக்கு. “ஓம் மரத்து வேருதான் எங்க கெணத்துக்குள்ள தொங்குது, வந்து பாரு” என்று சேர்மக்கனி கூட்டிப்போய்க் காட்டினாள். ராக்கு எட்டிப்பார்த்தாள். தொங்கியது.

நிழல் தங்கியதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் மூட்டத்துக்கு நிழலை வெட்டிப் போட முடியாது. மரங்கள் போன பிறகு அவளுக்கு அந்த மண்தான் சோறு. புரட்டாசியில் உழவு ஓட்டி மிளகாய் விதைத்தாள். டிராக்டர் நிழலைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னாலேயே நிழல் கூடிக்கொண்டது. மழை நன்றாகப் பெய்தது. செடிகள் வெளிறி, ஒல்லியாக, இல்லாத கிளைகளைத் தாண்டி வெயிலை எட்டப் பார்ப்பதுபோல் வளர்ந்தன. ஒன்றுகூடக் காய்க்கவில்லை. சேர்மக்கனியின் காட்டிலும் நிழல் தொட்ட வரிசைகள் அப்படியே நின்றன. அந்த ஆளளவு வெயிலில் கூட ஏதாவது காய்த்திருக்கலாம். ராக்கு அங்கே விதைக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் ஊரைக் கலக்கியது. மத்தியானம் ராக்குவின் நிலத்தில் படுத்திருந்த ஊர் ஆடுகள் எழுந்து போகும்போது, ஒவ்வொன்றின் வயிற்றுக்குக் கீழும் அதன் சொந்த நிழலோடு இன்னும் கொஞ்சம் நிழல் ஒட்டிக்கொண்டு போனது. ஆடு நனைந்தால் உடம்பை உதறும். உதறினால் அந்த நிழல் கீழே விழும். விழுந்த இடத்தில் முதலில் விரல் நீளத்தில், செடியே இல்லாமல் ஒரு செடியின் நிழல் நிற்கும். கண்மாய்க்குள், ஊர் இத்தனை பாடுபட்டு வேரைத் தோண்டிய அதே இடங்களில், கருவை நிழல் முளைத்தது. குனிந்து பிடுங்கப் போனால் கையில் எதுவும் அகப்படவில்லை.

சமுதாயக்கூடத்தில் கூடினார்கள். வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்து பார்த்த பையன் நல்லவன். இதற்கு என்னிடம் மருந்து இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போயிருந்தான்.

“சுண்ணாம்பு அடிச்சுப் பாக்கலாமா?” என்றார் ஒருவர்.

“நெழலுக்கா? வெள்ளையடிக்கிறதுக்கு அது என்ன பஞ்சாயத்து ஆபீசா?”

“தலைவரே, சிரிக்கிற நேரமா இது? வர்ற மழைக்குள்ள ஏதாச்சும் செய்யல, அப்புறம் ஊரே நெழலாப் போகும். உள்ள உக்காந்து பேன் பாக்க வேண்டியதுதான்.”

எல்லோரும் ராக்குவைப் பார்த்தார்கள். அவள் தூணோரம் உட்கார்ந்திருந்தாள்.

“நம்மளவிட அவளுக்குத்தான் நட்டம்” என்றார் கோட்டைச்சாமி. “நீ என்னத்தா சொல்ற?”

ராக்கு வாயைத் திறப்பதற்குள் சேர்மக்கனி எழுந்தாள். “அவ என்ன சொல்லுவா? அவளக் கேட்டா இன்னொரு வருசம் கெடக்கட்டும்பா. அன்னைக்குக் கிடை போட்ட ஆடுதான கொண்டாந்துச்சு இந்தக் கருவைய? இப்ப நெழலத் தூக்கிட்டுத் திரியிறதும் ஆடுதான? இன்னொரு கிடையக் கொண்டாந்து போடுங்க. பகல்ல போடுங்க. தின்னு தொலைக்கட்டும், தூக்கிட்டுத் தொலையட்டும், கண்ணுக்கு எட்டாம வடக்க போய்த் தொலையட்டும்.” கோபத்தில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு அவளே யோசித்தாள். ஊரும் யோசித்தது.

“நனையாம ஓட்டிக்கிட்டுப் போனா வழியில உதறாதுல்ல?” என்றார் ஒருவர் மெதுவாக.

ராக்கு எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். “கொண்டாங்க” என்றாள். “ரெண்டாம் வருசமும் காய்க்கலைன்னா நான் எங்க போவேன்.” அது உண்மைதான். வீட்டுக்கு வந்து, அந்த உண்மையை எண்ணிக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பங்குனியில் வந்தது பஞ்சவர்ணத்தின் கிடை. அவள் புருசன் மற்றொரு மந்தையோடு முன்னால் வடக்கே போய்விட்டான். இந்த மந்தைக்கு அவள்தான் எல்லாம். முப்பது வயதிருக்கும், தலையில் துண்டு, தோளில் தொரட்டி. நிலத்தைப் பார்த்தாள், அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள், “நல்ல நெழலு” என்றாள். ஆனால் ஆடுகளை உள்ளே விடவில்லை. கண்மாய் மேட்டில் வலை கட்டி அடைத்து, வைக்கோலும் சோளத்தட்டையும் மட்டும் போட்டு நிறுத்திவைத்தாள். ஒரு நாள் போனது, இன்னொரு நாள் போனது. ஊர் முணுமுணுத்தது. ராக்குதான் கேட்கப் போனாள்.

“ஏத்தா, இன்னும் எத்தன நாளைக்கு?”

“அவசரப்படாதீக சின்னம்மா. வர்ற வழியெல்லாம் கருவ நெத்துதான் தின்னிருக்குதுக. வயித்துல இருக்குற வெதையெல்லாம் வெளிய போகணும். இல்லைன்னா நெழலத் தூக்குற சாக்குல மரத்த வெதைச்சிட்டுப் போயிருவோம்.” பஞ்சவர்ணம் குனிந்து தரையிலிருந்து ஒரு பிடி புழுக்கையை எடுத்தாள். ஒவ்வொன்றாக விரலில் நசுக்கி, பிளந்து, உள்ளங்கையில் வைத்து வெயிலுக்குக் காட்டினாள். “இந்தா பாருங்க, இதுல ஒண்ணு கெடக்கு. நாளைக்குக் கொறையும். ஒண்ணுமே இல்லைன்னு ஆனாத்தான் அடுத்தவுக காட்டுல கால வைக்கணும்.”

“எந்தக் கீதாரியும் இப்பிடிப் பாத்து நான் பாத்ததில்லையே.”

“எங்க கிடையில மட்டுந்தான். எங்க பெரியமாமா வச்ச வழக்கம். வருசக்கணக்கா இதே பாடுதான். மத்த கீதாரிக எல்லாம் சிரிப்பாக, ஆட்டுக்குப் பத்தியம் போடுறான்டான்னு. அவுக காதுல வாங்கமாட்டாக. இப்பக் கண்ணு மங்கிப்போச்சு, ஆனாலும் வெரலால உருட்டியே கண்டுபிடிச்சிருவாக.”

ராக்கு கையை நீட்டினாள். பஞ்சவர்ணம் அவள் உள்ளங்கையில் பிளந்த புழுக்கையை வைத்தாள். நடுவில், தேய்ந்த பழுப்பு நிறத்தில், சிறிய விதை.

“ஓம் பெரியமாமா பேரு என்னத்தா?”

“சாத்தையா. ஏன் சின்னம்மா, தெரியுமா?”

காற்று வைக்கோலைத் தூக்கிப் போட்டது. ஆடுகள் ஒன்றன் வயிற்றுக்குக் கீழே ஒன்று தலையை நுழைத்து நின்றன.

“இங்கிட்டுக் கிடை போட்டவுக பேரெல்லாம் எங்கய்யா சொல்லுவாரு” என்றாள் ராக்கு.

“அப்பத் தெரிஞ்சிருக்கும். ஒரு ஐப்பசி மழையில இந்த ஊரு ஊருணிக்கரை வரைக்கும் வந்தாகளாம். புதுவேட்டி எல்லாம் கட்டிக்கிட்டு. வந்து, கரையில நின்னு, மொளைச்சுக் கெடந்த ஏதோ ஒரு காட்டப் பாத்துட்டு, அப்பிடியே திரும்பிட்டாகளாம். அதுக்கப்பறம் எங்க கிடை இந்தப் பக்கமே வந்ததில்ல. காவனேந்தலுக்கு மட்டும் போகாதீகன்னு சொல்லிவச்சிருக்காக. ஏன்னு கேட்டாச் சொல்லமாட்டாக. இந்த வருசம் நெழலு கெடக்குன்னு ஊரெல்லாம் பேச்சு, ஆட்டுக்கு வேணுமேன்னு நான்தான் சொல்லாம வந்துட்டேன்.”

“பிள்ளைகுட்டி?”

“கல்யாணமே கட்டலையே. ஆடுதான். அதுலயும் ஒரு ஆட்டு வழியத் தொடர்ந்து வச்சிருக்காக, விக்க விடமாட்டாக. ராக்குன்னு பேரு. அது செத்தா அது குட்டிக்கு ராக்கு, அந்தக் குட்டியோட குட்டிக்கு ராக்கு.” பஞ்சவர்ணம் சிரித்தாள். “அந்தா, காது கிழிஞ்சு நிக்குதே, அதான் இப்ப ராக்கு.”

ராக்கு அந்த ஆட்டைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது.

“நல்லா மேயுமா?” என்று கேட்டாள்.

“அது எங்க மேயும்? வாயில புல்ல வச்சுக்கிட்டு யாரையோ எதிர்பாத்த மாதிரி நின்னுக்கிட்டே இருக்கும்.”

புழுக்கையில் ஒரு விதையும் இல்லை என்று ஆன மறுநாள் மத்தியானம் ஆடுகள் உள்ளே வந்தன. வரப்பில் ஊர் நின்று பார்த்தது. ஆடுகள் நிழலில் முட்டி மடக்கிப் படுத்து, கண்ணை மூடி அசைபோட்டு, பொழுது சாயும்போது எழுந்து போயின. போன இடத்தில் வெறும் மண் வெளிச்சமாகக் கிடந்தது. மறுநாளும் வந்தன. ஓரத்திலிருந்து நிழல் கரைந்துகொண்டே போனது. காலையில் கண்மாய்க்குள் முளைத்திருந்த சின்ன நிழல்களின் மேலும் ஆடுகளைப் படுக்கவைத்து எடுத்தார்கள். தண்ணீர் காட்டும்போது ஒரு சொட்டுக்கூட மேலே தெறிக்காமல் பஞ்சவர்ணம் ஒவ்வொரு ஆட்டின் கழுத்தையும் பிடித்துக்கொண்டாள். குடித்துவிட்டு நின்ற மந்தையைப் பார்த்தால் ஒரு சின்னத் தோப்பே காலூன்றி நகர்வதுபோல் இருந்தது. கூட்டின் நிழலை ஒரு கிடாய் எடுத்துப்போனது. தூக்கணாங்குருவி அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் பறந்துபோய், பிறகு முடிவு செய்து, அதன் முதுகில் உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் நடுவிலிருந்த நிழல் மட்டும் மிஞ்சியது. ஆளளவு வெயிலும் அதைச் சுற்றி ஒரு வளையமாக நிழலும். ராக்கு வழக்கமான இடத்தில், ஒரு கையை வெயிலில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆடுகள் வந்து சுற்றி நின்றன. படுக்கவில்லை.

“நீங்க எந்திரிச்சாத்தான் சின்னம்மா அதுக படுக்கும்” என்றாள் பஞ்சவர்ணம்.

ராக்கு எழவில்லை. வரப்பிலிருந்து யாரோ என்னவோ சொல்ல, சேர்மக்கனி அவரை அடக்கினாள். ராக்கு அந்த வெயிலைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள். தோள் இருக்கும் இடம் கொஞ்சம் அகலமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் ஒரு நாளும் அதற்குள் உட்கார்ந்ததில்லை, கையைத் தவிர எதையும் வைத்ததில்லை. சுற்றிலும் முள் இருந்ததால்தான் அது அங்கே இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல.

“இதெல்லாம் எங்க கொண்டுபோயி உதறும்?”

“காவேரித் தண்ணி பாயுற வாய்க்கா ஏதாச்சும் தாண்டும்போதுதான். அங்கிட்டெல்லாம் அறுத்த வயலு, ஒரு மரம் கெடையாது. பெரியமாமா கொட்டகையும் அங்கிட்டு ஒரு வாய்க்காக் கரையிலதான், அதுக்கு முன்னாடி ஓட்டிப்போயி நனைக்கிறேன். பாயளவு நெழலு கெடைச்சாப் போதும், மனுசன் வெயில்லயே கெடக்காக. இத்தன வருசத்துல கருவ நெழல்ல அவுக ஒதுங்கி நான் பாத்ததில்ல. ஆனா இது மரமில்லாத நெழலுதான, ஒண்ணும் சொல்லமாட்டாக.”

ராக்கு கையை வெயிலிலிருந்து எடுத்தாள். எழுந்தாள். முட்டியில் கைவைத்துத்தான் எழ முடிந்தது. காது கிழிந்த ஆடு முன்னால் வந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தை முகர்ந்துவிட்டு, படுத்தது. பிறகு மற்றவையும்.

பொழுது சாய்ந்து ஆடுகள் எழுந்தபோது ராக்கு அந்த இடத்தைத் தேடினாள். நிலம் முழுக்க வெயில் கிடந்தது. அதில் அந்த வெயில் எது என்று தெரியவில்லை.

புறப்படும்போது பஞ்சவர்ணம் கேட்டாள்: “பெரியமாமா கேட்டா யாரு குடுத்ததுன்னு சொல்ல?”

“கேட்கமாட்டாரு.”

“சரி, ஏதாச்சும் சொல்லணுமா?”

ராக்கு யோசித்தாள். மந்தை வடக்கே திரும்பி நின்றது. ஒவ்வொரு ஆட்டின் கீழும் கிளையும் முள்ளும் அசைந்தன.

“முள்ளு இருக்குத்தா. பாத்துப் படுக்கச் சொல்லு.”

அந்த வருடம் ஐப்பசி மழை தவறவில்லை. மண்ணுக்குள் கிடந்த பழைய விதைகள் ஊர் முழுக்க முளைத்தன. இன்னும் பல வருடத்துக்கு முளைக்கும், முளைக்க முளைக்கப் பிடுங்க வேண்டும் என்று ஊருக்கு இப்போது தெரியும். மழை விட்ட காலைகளில் ஆளுக்கொரு பக்கம் குனிந்து இரண்டு விரலால் இழுத்துப் போட்டுக்கொண்டே போனார்கள். ராக்குவும் தன் நிலத்தில் அங்கங்கே ஒற்றையாக நின்றவற்றை இழுத்துப் போட்டாள். இந்தமுறை ஒரு நாளும் சும்மா நின்றுவிட்டு வரவில்லை. மிளகாய் பிடித்துக்கொண்டது. கரும்பச்சையாக, குட்டையாக, கணுக்கணுவாகப் பூ வைத்தது. கண்மாயில் தண்ணீர் நின்றது, மழைத்தவளை கத்தியது, கருவை இருந்த கரையில் யாரும் விதைக்காத கோரையும் நாட்டு உடைமரக் கன்றுகளும் தலைகாட்டின.

கிடை படுத்திருந்த இடத்தில் கொத்தாக ஒன்றும் முளைக்கவில்லை. ராக்கு தினமும் காலையில் அந்த இடத்துக்கு வந்து, மிளகாய் வரிசைகளுக்கு நடுவில் குனிந்து தேடினாள்.

“ஓம் காட்டுலதான் ஒண்ணுகூட இல்லையே, என்னத்தத் தேடுற?” என்றாள் வரப்பில் நின்ற சேர்மக்கனி. அவள் மடி நிறையப் பிடுங்கிய கருவைச் செடிகள். “எங்க காட்டுக்கு வந்து தேடு, புண்ணியமாப் போகும்.”

“இந்தா வாரேன் மதினி.”

வெயில் ஏறியிருந்தது. நிலத்தில் அவளுடைய நிழலைத் தவிர வேறு நிழல் இல்லை. ராக்கு மண்ணில் பாதி மக்கிக் கிடந்த ஒரு புழுக்கையை எடுத்து, விரலில் நசுக்கிப் பிளந்து, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தாள். விதை இல்லை. சாத்தையா கிடையைச் சுத்தமாகத்தான் பழக்கியிருந்தார். அதைக் கீழே போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.